கரைக்கு வரும் படகு

இன்று மதியம், உனக்குப் பிறகு பட்டறையில் சேர்ந்த புது வெல்டர் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கத்தரிக்காய் போட்டு, புளி தூக்கலாக வைத்தது. வாசனை ஷெட் முழுக்கப் பரவியதும் நான் கையிலிருந்த வரைபடத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். நெடுஞ்சாலையில் பூந்தமல்லிப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தபடி போனது. அவர் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"மேடம், வாசனை ஒத்துக்கலையா? நாளையிலேர்ந்து எடுத்தாரல."

"ஐயோ, அதெல்லாம் இல்லைண்ணே. எனக்கும் கொஞ்சம் குழம்பு குடுங்க" என்றேன்.

கொடுத்தார். சாப்பிட்டேன். உப்பு குறைவு. நீ இருந்திருந்தால் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பாய்.

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. சென்ற மாதம் உன் குப்பத்துக் கரையில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். அதை மட்டும் சொன்னால் போதாது. நாம் சண்டை போட்ட அந்த நாட்களைப் பற்றி என் பக்கத்தை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதில்லை. அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் வகுப்பில் இருந்த பெண்கள் நாம் இருவர்தான். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வீட்டுக்குள் திருநெல்வேலிப் பேச்சு. நீ அயனம்பாக்கத்தில் உன் மாமா வீட்டிலிருந்து சைக்கிளில் வருவாய். முதல் நாள் கையில் வெல்டிங் கம்பி பிடிக்கும் ஹோல்டரைக் கொடுத்ததும் எனக்கு விரல்கள் நடுங்கின. நீ பக்கத்தில் வந்து, "இன்னா, பயமாகீதா? எனக்குந்தான். வா, ஒண்ணா பத்த வெப்போம்" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

வெல்டிங் எனக்குக் கைவரவில்லை. வரைபடத்தின் பக்கம் ஒதுங்கினேன். நீ ஆர்கான் வெல்டிங்கில் தேறினாய். பல கம்பெனிகளில் வேலை பார்த்து அலுத்துப்போய், திருமழிசை எஸ்டேட்டில் இந்த ஷெட்டை வாடகைக்கு எடுத்தோம். ஓட்டல் சமையலறைக்கு மேசை, பால் டேங்க், கோயிலுக்கு உண்டியல். எது வந்தாலும் செய்தோம். நான் வரைவேன், நீ ஒட்டவைப்பாய்.

உன் அப்பாவைப் பற்றி நீ ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தாய். வடசென்னைக் கடலோரத்தில் ஒரு குப்பம். உனக்குப் பதினாறு வயது. விடிவதற்கு முன் படகில் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் இரண்டு ஊர் தள்ளிக் கவிழ்ந்து ஒதுங்கியது. அம்மா அந்த வருடமே போய்விட்டாள். ஆவடியில் வேலையிலிருந்த மாமா உன்னை அழைத்துக்கொண்டு வந்தார். "கடல் இல்லாத ஊரா கீதேன்னு சந்தோஷமா வந்துட்டேன்" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நீ கடலைப் பார்க்கவே இல்லை. பட்டறை ஆட்களோடு கடற்கரைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் அன்று உனக்குத் தலைவலி வந்துவிடும்.

அப்படிப்பட்ட நம்மிடம்தான் அந்த வேலை வந்தது.

சிற்பி கதிர் காரின் பின் சீட்டில் ஒரு களிமண் மாதிரியை ஈரத்துணி போர்த்திக் கொண்டுவந்தார். வடசென்னையில் கடற்கரைச் சாலையோரம் புதிதாக ஒரு பூங்கா வருகிறது, அதன் முகப்பில் நகரத்தின் மீனவர் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய சிலை வைக்கப் போகிறார்கள், தன்னுடைய மாதிரி தேர்வாகியிருக்கிறது என்றார். உப்புக்காற்றைத் தாங்கும் எஃகுத் தகட்டில் செய்ய வேண்டும். இரண்டு ஆள் உயரத்துக்குப் படகு. அதைக் கடலுக்குள் தள்ளுகிற ஐந்து ஆண்கள். முதுகு விரிந்து, தாடை நிமிர்ந்து, கண் தொலைவில். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உண்டியல் செய்த கையால் சிலை!

நீ மாதிரியைச் சுற்றி ஒரு முறை நடந்தாய். "தம்பி, இது போற படகா, வர்ற படகா?" என்று கேட்டாய்.

"போற படகுதான் அக்கா. அலையை எதிர்த்துப் போறாங்க. அந்தத் துணிச்சலைத்தான் காட்டணும்னு நினைச்சேன்."

நீ தலையாட்டிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

படகு ஒரு மாதத்தில் உருவானது. நீ அதைச் செய்த விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் வரைபடத்தில் விளிம்பு நேராக இருந்த இடத்தில், "இங்க அலை அடிச்சி அடிச்சி கொஞ்சம் உள்ள போயிருக்கும்டி" என்று சுத்தியலால் நெளித்தாய். இருபத்தைந்து வருடம் பார்க்காத ஒன்றைக் கை மறக்கவில்லை. ஆனால் மனித உருவங்களுக்கான தகடுகள் வெட்டி வந்த அன்று நீ வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுக்கவில்லை.

"நான் இத்த ஒட்ட மாட்டேன்" என்றாய்.

"ஏன்?"

"படகு போறப்போ கரையில யாருமே இருக்க மாட்டாங்கடி. இருட்டுல எழுந்து, ஊட்டுல இருக்கறவங்கள எழுப்பாம போய்டுவாங்க. அது வந்து கரையேறுது பாரு, அப்பதான் ஊரே ஓடும். பொம்பளைங்க, கெழவங்க, பசங்க எல்லாம். மீன் புடிக்கறதுன்னா அதான். இதுல ஒரு பொம்பளகூட இல்ல. படகைத் திருப்பணும்."

மாதிரிக்கு ஒப்புதல் வாங்கியாகிவிட்டது, சொன்ன தேதிக்குள் முடிக்காவிட்டால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும், இத்தனை வருடத்தில் நம் பெயர் வெளியே தெரியப்போகிற முதல் வேலை இது என்றெல்லாம் சொன்னேன். நீ அசையவில்லை. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"உங்கப்பா திரும்பி வரலைங்கறதுக்காக ஊரான் படகையெல்லாம் திருப்ப முடியாது."

கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டார். நீ என்னைத் திட்டவில்லை. முகக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாய், பையை எடுத்தாய், போய்விட்டாய். பேருந்து நிறுத்தத்தில் நீ நிற்பது ஷெட் வாசலிலிருந்தே தெரிந்தது. நான் போய்க் கூப்பிடவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, வெட்கம்.

மூன்று நாள் நீ வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. இந்த மூன்று நாளைத்தான் நான் உன்னிடம் சொன்னதில்லை. முதல் நாள் வேறொரு வெல்டரைத் தேடினேன். ஆமாம், தேடினேன். இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, செய்கிறோம் என்றார்கள். இரண்டாம் நாள் அவர்களில் ஒருவர் படகின் விளிம்பைத் தடவி, "இங்க நெளிஞ்சிருக்கு மேடம், நேர் பண்ணிடலாம்" என்றார். அவரை அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் தனியாக உட்கார்ந்து, படகின் முகப்பை ஊர்ப்பக்கம் திருப்பி ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். தள்ளுகிற உடம்பு வேறு, இழுக்கிற உடம்பு வேறு. குதிகால் மணலில் புதைய வேண்டும், இடுப்பு பின்னால் சாய வேண்டும். எனக்கு வரையத் தெரியவில்லை. ஏனென்றால் நான் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய்.

அன்று மாலை அயனம்பாக்கம் வந்தேன். நீ ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்றேன்.

"ஆமா" என்றாய். பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாய்: "இந்த ஏரி பரவால்லடி. எடுத்தாலும் திருப்பிக் குடுத்துடும். எங்க நைனாவ அந்தக் கடலு குடுக்கவே இல்ல. எங்கம்மா கரையிலயே குந்திகினு இருந்துச்சி. நீ சொன்னது நெசந்தான். அதுக்காகத்தான் திருப்பச் சொல்றேன். ஆனா அதுக்காக மட்டும் இல்ல."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ விடுவித்துக்கொள்ளவில்லை.

"நாளைக்குக் காலைல வா. அந்தத் தம்பியையும் இட்டுகினு வா. காட்டறேன்."

அடுத்த நாள் ரயிலில் போனோம். குப்பத்தை நெருங்க நெருங்க நீ பேச்சை நிறுத்திவிட்டாய். கடைசிச் சந்து முடிந்து மணல் தெரிந்ததும் நின்றாய். செருப்பைக் கழற்றினாய். கதிர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணால் தடுத்தேன். ஒரு குரல்தான் உன்னை அசைத்தது.

"யாரு அது? ஏய்... யாரு?"

கூடையைத் தரையில் வைத்துவிட்டு ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். உன் அம்மாவின் அக்கா. நீ "பெரிம்மா" என்றதும் அவர் முதலில் உன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"பாவி! இத்தினி வர்சமா எங்கடி இருந்த? ஆவடி இன்னா அமெரிக்காவுலயா கீது? ரயிலு ஏறுனா வந்துடற ஊரு. உங்கம்மா போனா நாங்கல்லாம் செத்தா போய்ட்டோம்?"

திட்டிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே உன் முகத்தைத் துடைத்தார். மீன் செதில் ஒட்டிய கை. நீ குழந்தைபோல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

அப்போது யாரோ கத்தினார்கள். தொலைவில் ஒரு பைபர் படகு அலைமேல் ஏறி வந்துகொண்டிருந்தது. பெரியம்மா உன்னை விட்டுவிட்டு ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸை மணலில் குத்தி வைத்துவிட்டு ஓடினார். கயிறு பறந்து வந்தது. யாருடைய படகு என்று யாரும் கேட்கவில்லை, பிடித்தார்கள். புடவையை இழுத்துச் செருகிய பெண்கள், ஒரு தாத்தா, பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். நான் திரும்பிப் பார்த்தபோது நீ என் பக்கத்தில் இல்லை. கயிற்றில் நான்காவது ஆளாக, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பின்னால், புது ஷூ நனைய, கதிர்.

படகு மணலில் ஏறி நின்றதும் அவர் மூச்சிரைக்க உன்னிடம் வந்தார். "அக்கா, நான் செஞ்சது தப்பு" என்றார்.

"தப்பு இல்ல தம்பி. நீ ரோட்டுலேர்ந்து பாத்துருக்க. அவ்ளோதான்."

பூங்கா வேலையைப் பார்த்துக்கொண்ட பொறியாளரிடம் ஒப்புதல் வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கதிர் புதிய மாதிரியைக் காட்டினார். படகின் மூக்கு நகரத்தைப் பார்க்க, கயிற்றில் மூன்று பெண்களும் இரண்டு ஆண்களும், படகிலிருந்து குதிக்கிற ஒருவர். அடித்தளத்தை மாற்ற வேண்டியதில்லை என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பொறியாளர் நெற்றியைச் சுருக்கினார்.

"போற படகுன்னா ஒரு வீரம் இருந்தது. கரைக்கு வர்றதுல என்ன இருக்கு?"

நீ நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றிருந்தாய். அங்கிருந்தே சொன்னாய்: "சார், உங்க ஊட்டுல உங்கள வழியனுப்பறது பெரிசா, நீங்க வந்து சேர்றது பெரிசா?"

அவர் உன்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேதி மாறக் கூடாதும்மா" என்றார்.

தேதி மாறவில்லை. அந்த வாரங்களில் நீ பேசிக்கொண்டே வேலை செய்தாய். அதுவரை உன் வாயிலிருந்து வராத பெயர்களெல்லாம் வந்தன. ஒரு நாள் கதிர், படகிலிருந்து குதிப்பவருக்கு உன் அப்பாவின் முகத்தை வைக்கலாமா, புகைப்படம் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நீ யோசிக்கவே இல்லை. "வேணாம் தம்பி. எங்க நைனா மூஞ்சிய வெச்சா எங்க ஊட்டுக்கு மட்டும்தான் ஆவும். மூஞ்சி இல்லாம வுடு. எல்லா ஊட்டுக்கும் ஆவும்." அதனால்தான் அந்த உருவங்களுக்கு வெறும் மழமழப்பான முகம். விமர்சகர்கள் அதை நவீன பாணி என்று எழுதினார்கள். நாம் படித்துச் சிரித்தோம்.

டிரெய்லர் லாரியில் துண்டு துண்டாகச் சிலை பூந்தமல்லி தாண்டிப் போனபோது சாலையோரத்தில் நின்றவர்கள் போன்களைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். திறப்பு விழாவில் பேச்செல்லாம் முடிந்ததும் பக்கத்திலேயே இருக்கும் உன் குப்பத்துப் பெண்கள் தடுப்புக் கயிற்றை மீறி உள்ளே வந்துவிட்டார்கள். பெரியம்மா ஒவ்வொரு உருவமாகத் தொட்டுப் பார்த்தார். குதிக்கிற உருவத்தின் காலடியில் வந்ததும் அப்படியே நின்றார். பிறகு கொண்டையிலிருந்த பூவைக் கிள்ளி அந்தப் பாதத்தின்மேல் வைத்தார். பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். அந்தக் கரையில் அப்படி வைப்பதற்கு எத்தனை வீடுகளுக்குக் காரணம் இருந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நீ தள்ளி நின்றாய். பெரியம்மா வந்து உன்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ குப்பத்துக்குப் போனாய். திங்கட்கிழமை பட்டறைக்கே மீன் வாசனையோடு வருவாய். உனக்கு அப்படி நான்கு வருடம் கிடைத்தது. அதை நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

நோய் வந்தது, போகவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. உனக்கும் அந்த இடம் பிடிக்கவில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். கடைசி வாரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாய் என்று குனிந்தேன். "கயித்துல மூணாவதா நிக்கறாளே பொம்பள, அவளோட முழங்கை வெல்டு எனக்குப் புடிக்கல. அன்னிக்கி அவசரத்துல போட்டுட்டேன். அத்த அறுத்துட்டு வேற போடு" என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உடனே போக முடியவில்லை. ஐ.டி.ஐ.க்குப் பிறகு நான் டார்ச்சைப் பிடித்ததே இல்லை. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நீ என்னைத்தானே போடச் சொன்னாய். தினமும் வேலை முடிந்த பிறகு துண்டுத் தகடுகளில் பழகினேன். புது வெல்டர் பொறுமையாகப் பக்கத்தில் நின்றார். கை நடுக்கம் போக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சென்ற மாதம்தான் அனுமதிக் கடிதம் வாங்கி, ஜெனரேட்டரும் சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு போனேன்.

சிலையின் நிழலில் பெண்கள் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் ஏணியைச் சாய்த்து, அறுக்கும் கிரைண்டரை அந்த மூன்றாவது பெண்ணின் முழங்கையில் வைத்தேன். பொறி பறந்தது. அவ்வளவுதான், ஒரு கை என் புடவையைப் பிடித்து இழுத்தது.

"ஏம்மா! யாரு நீ? எங்க செலைய இன்னாத்துக்கு அறுக்கற?"

"சரிபண்ண வந்திருக்கேன். இதோ கடிதம்."

"லெட்டராவது ஒண்ணாவது. இது எங்க செல. யாரைக் கேட்டு கைய வெச்ச? எறங்கு மொதல்ல!"

இறங்கினேன். என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர். எனக்குப் பயமாக இல்லை. சொன்னால் நம்புவாயா, சந்தோஷமாக இருந்தது. ஒருத்தி ஓடிப்போய்ப் பெரியம்மாவை அழைத்து வந்தாள். அவருக்கு இப்போது பார்வை மங்கல். என் முகத்துக்கு அருகே வந்து பார்த்தார்.

"அட, இவளா! வுடுங்கடி. இவ எம்பொண்ணோட கூட்டாளி. இவுங்க ரெண்டு பேருந்தான் இத்த செஞ்சாங்க."

நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். பெரியம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த முழங்கையை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். போடு" என்றார்.

கடற்காற்று பலமாக இருந்தது. உனக்குத் தெரியும், காற்று அடித்தால் டார்ச்சிலிருந்து வரும் வாயு கலைந்துவிடும், ஒட்டு பிடிக்காது. இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் கருகியது. கீழே இருந்தவர்களிடம் காரணத்தைச் சொன்னேன். ஒருத்தி மீன் மூடுகிற தார்ப்பாயை உதறி எடுத்தாள். இன்னொருத்தி அடுத்த முனையைப் பிடித்தாள். கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி, கையை உயர்த்திக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். "பாக்க மாட்டோம், நீ போடு" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். வியாபாரம் நின்றது; யாரும் கவலைப்படவில்லை.

போட்டேன். உன் வெல்டு அளவுக்கு வரவில்லை. பக்கத்தில் வந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் நிற்கும்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது என் புடவையைப் பிடித்து இழுத்தவள் ஒரு பை நிறைய வஞ்சிரத்தை என் கையில் திணித்தாள். "உன் பேரு இன்னா?" என்று கேட்டாள். நான் சொல்வதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார்.

"பேரு இன்னாத்துக்கு? கூட்டாளின்னு கூப்புடு, வருவா."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன்; இந்த வாரமும் போவேன். சந்து முனையில் திரும்பும்போதே யாராவது பார்த்துவிடுகிறார்கள். "தோ, கூட்டாளி வந்துட்டா" என்று மணல் வரைக்கும் ஒரு குரல் எனக்கு முன்னால் ஓடுகிறது. அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. உன்னால் கிடைத்த பெயர் அந்தக் கரையில் இருக்கிறது. அதற்குத்தான் நான் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன்.